ரொனால்டு ராஸ்: அந்தமானில் டாக்டராக இருந்தவர், ஒரு கொசுவின் புள்ளிச் சிறகில் மலேரியாவின் ரகசியத்தைக் கண்டுபிடித்தது எப்படி?

அந்தமானுக்கு டூர் போயிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஸ்ரீ விஜயபுரம், அதாவது 2024 வரை நாம் போர்ட் பிளேர் என்று அழைத்த ஊர். சாயங்காலம் ஆறு மணி. அலையாத்திக் காட்டின் ஓரம் நடந்துவிட்டு ரூமுக்குத் திரும்பும்போது, வராண்டா சுவரில் ஒரு கொசு உட்கார்ந்திருக்கிறது. கை தானாக ஓங்கும்.

ஒரு நிமிடம் பொறுங்கள். அது எப்படி உட்கார்ந்திருக்கிறது? உடம்பு சுவரோடு ஒட்டினாற்போல் இருக்கிறதா, இல்லை வாலைத் தூக்கிக்கொண்டு, சுவரில் குத்திய முள் போலச் சாய்வாக நிற்கிறதா? சிறகில் புள்ளிகள் தெரிகின்றனவா?

இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரியாமல் ஒரு மனிதர் 2 வருடங்களுக்கு மேல் தவறான கொசுக்களை அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். விடை தெரிந்தபோது மருத்துவ வரலாறே மாறியது. அவர்தான் ரொனால்டு ராஸ். மருத்துவத்துக்கான நோபல் பரிசை 1902-ல் வாங்கியவர். அதற்குப் பல வருடங்கள் முன்பு, இதே அந்தமானில் ராணுவ டாக்டராக வேலை பார்த்தவர்.

கொசு ஒரு ஈயா?

ஆமாம். கேட்க விசித்திரமாக இருக்கும். ஆனால் பூச்சியியலில் கொசுவும் ஈ இனம்தான். பெரும்பாலான பூச்சிகளுக்கு நான்கு சிறகுகள். ஈக்களுக்கும் கொசுக்களுக்கும் இரண்டே இரண்டு. பின்சிறகுகள் சுருங்கி, பறக்கும்போது உடம்பைச் சமநிலையில் வைத்திருக்கும் சின்னக் குமிழ்களாகிவிட்டன. அதனால்தான் இவற்றுக்கு இருசிறகிகள் என்று பெயர்.

இந்தக் கூட்டத்தில் ஒட்டுண்ணி வாழ்க்கைக்குப் பல முகங்கள் உண்டு. கம்பளிப்புழுவின் உடம்பில் முட்டையிட்டு, அதை உள்ளிருந்தே தின்னும் ஈக்கள் உண்டு. வௌவாலின் ரோமத்துக்குள்ளேயே வாழும் சிறகில்லாத ஈக்கள் உண்டு. கொசு வேறு மாதிரி. பெண் கொசு ரத்தம் குடிக்கிறது. அந்த ரத்தத்தோடு இன்னொரு ஒட்டுண்ணியைத் தன் வயிற்றுக்குள் ஏற்றி, அடுத்த மனிதருக்குள் இறக்கி விடுகிறது.

சிக்கல் என்னவென்றால், உலகில் 3,500-க்கும் மேற்பட்ட கொசு இனங்கள் இருக்கின்றன. மனித மலேரியாவைச் சுமப்பவை அனாபிலிஸ் என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. அதிலும் எல்லாம் இல்லை, சில மட்டுமே. ஆக, மலேரியா எப்படிப் பரவுகிறது என்ற கேள்வியின் மையத்தில் இருந்தது இனம் காணும் வேலைதான்.

டாக்டராக விரும்பாத டாக்டர்

ராஸ் பிறந்தது 1857 மே 13, இன்றைய உத்தராகண்டில் உள்ள அல்மோராவில். மீரட்டில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து அப்போது மூன்றே நாள் ஆகியிருந்தது. அப்பா பிரிட்டிஷ் இந்திய ராணுவ அதிகாரி. பத்துப் பிள்ளைகளில் இவர் மூத்தவர். 8 வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார்.

பையனுக்கு ஆசை ஓவியத்திலும் கவிதையிலும் இசையிலும் கணிதத்திலும். அப்பாவுக்கோ மகன் டாக்டராகி இந்தியாவில் வேலை பார்க்க வேண்டும். நம்ம ஊர் வீடுகளில் நடக்கும் அதே கதைதான். அப்பா ஜெயித்தார். லண்டனில் மருத்துவம் படித்த ராஸ், 1881-ல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து மதராஸ் மாகாணத்துக்கு வந்தார்.

வேலை சுமார்தான், ஓய்வு நேரம் நிறைய. அந்த நேரத்தில் கணிதப் புத்தகங்களைப் படித்தார், கவிதையும் நாவலும் எழுதினார். 1883 வாக்கில் பெங்களூரில் இருந்தபோது ஒரு விஷயத்தைக் கவனித்தார். ஜன்னலுக்கு வெளியே இருந்த தண்ணீர்த் தொட்டியில் கொசுப்புழுக்கள் நெளிந்தன. தொட்டியைக் கவிழ்த்ததும் வீட்டில் கொசு குறைந்தது. கொசுவுக்கும் காய்ச்சலுக்கும் தொடர்பு இருக்கும் என்று அப்போது அவர் யோசிக்கவில்லை. கடி தொல்லை ஒழிந்தது, அவ்வளவுதான்.

அந்தமானில் அவர் கண் முன்னே இருந்தது

1880-களில் பர்மா போருக்கும் அந்தமானுக்கும் அவர் அனுப்பப்பட்டார். அந்த நாட்களின் அந்தமானை நினைத்துப் பாருங்கள். செல்லுலார் சிறை இன்னும் கட்டப்படவில்லை. அதன் கட்டுமானம் 1896-ல்தான் தொடங்கியது. ஆனால் 1858 முதலே அந்தத் தீவு நாடுகடத்தப்பட்ட கைதிகளின் குடியிருப்பு. காடழிப்பதும் சதுப்பைச் சீராக்குவதும் கைதிகளின் வேலை. காய்ச்சல் வந்து சாவதும் அவர்கள்தான்.

காய்ச்சல் அந்தத் தீவுகளுக்குப் புதிதல்ல. கிழக்கிந்திய கம்பெனி 1789-ல் அங்கே முதல் குடியிருப்பை அமைத்தது. பிறகு அதை வடக்கே போர்ட் கார்ன்வாலிஸுக்கு மாற்றியது. நோயும் சாவும் தாங்காமல் 1796-ல் மொத்தமாகக் கைவிட்டது.

அன்றைய மருத்துவம் இதற்குச் சொன்ன காரணம் கெட்ட காற்று. மலேரியா என்ற சொல்லுக்கே இத்தாலிய மொழியில் அதுதான் பொருள். சதுப்பு நிலத்திலிருந்து விஷ ஆவி கிளம்பி மனிதரைத் தாக்குகிறது என்று நம்பினார்கள். பிரெஞ்சு ராணுவ டாக்டர் லாவெரான், 1880-லேயே அல்ஜீரியாவில் நோயாளியின் ரத்தத்தில் மலேரியா ஒட்டுண்ணியைப் பார்த்துவிட்டார். ராஸ் அதை நம்பவில்லை. குடல் கோளாறுதான் காரணம் என்று கட்டுரைகூட எழுதினார்.

ஆக, காய்ச்சலும் சதுப்பும் கொசுவும் ஒரே இடத்தில் இருந்த தீவில் ராஸ் வாழ்ந்தார். மூன்றையும் இணைக்கும் கோடு அவர் கண்ணில் படவில்லை. அன்று பெரும்பாலானவர்களுக்கும் அது தெரியவில்லை.

பாதி சரி, பாதி தவறான யோசனை

1894-ல் விடுமுறைக்கு லண்டன் போனபோது பேட்ரிக் மேன்சன் என்ற மூத்த டாக்டரைச் சந்தித்தார். யானைக்கால் நோயின் நுண்புழு கொசுவின் உடம்பில் வளர்வதைச் சீனாவில் 1870-களில் கண்டறிந்தவர் மேன்சன். அவர்தான் மைக்ராஸ்கோப்பில் மலேரியா ஒட்டுண்ணியைக் காட்டி, ராஸின் சந்தேகத்தைத் தீர்த்தார். மலேரியாவையும் கொசுதான் சுமக்கிறது என்பது மேன்சனின் ஊகம்.

அதில் ஒரு தவறும் இருந்தது. கொசு ஒரே முறைதான் ரத்தம் குடிக்கும், பிறகு தண்ணீரில் விழுந்து சாகும், அந்தத் தண்ணீரைக் குடிப்பவருக்கு மலேரியா வரும் என்று மேன்சன் நினைத்தார்.

1895-ல் செகந்திராபாத் திரும்பிய ராஸ், இதையே சோதித்தார். நோயாளியைக் கடித்த கொசுக்கள் செத்து மிதந்த தண்ணீரைச் சிலருக்குப் பணம் கொடுத்துக் குடிக்க வைத்தார். இன்றைக்கு எந்த ஆராய்ச்சிக் குழுவும் இதற்கு அனுமதி தராது. ஆட்சியாளரின் டாக்டர் ஒருவர் ஏழை வேலைக்காரர்களிடம் பெற்ற சம்மதத்தை எந்த அளவுக்குச் சம்மதம் என்று சொல்வது? அந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது. சோதனையிலும் உறுதியான முடிவு கிடைக்கவில்லை.

தவறான கொசு, சரியான உழைப்பு

அடுத்து, கொசுவின் உடம்புக்குள் ஒட்டுண்ணி வளர்கிறதா என்று பார்க்கத் தொடங்கினார். ஹுசைன் கான் என்ற மலேரியா நோயாளியைக் கொசுவலைக்குள் படுக்க வைப்பார். கடிக்கும் ஒவ்வொரு கொசுவுக்கும் ஓர் அணா கூலி. ரத்தம் குடித்த கொசுவைப் பிடித்து, நாள் கணக்கில் உயிரோடு வைத்திருந்து, பிறகு அறுத்துப் பார்ப்பார்.

அந்த வேலையின் கஷ்டத்தை நினைத்துப் பாருங்கள். செகந்திராபாத் வெயில். பங்காவை ஆட்டினால் அறுத்து வைத்த கொசு பறந்துவிடும், அதனால் காற்றே கிடையாது. நெற்றி வியர்வை வழிந்து மைக்ராஸ்கோப்பின் திருகுகள் துருப்பிடித்தன. கண்வைக்கும் கண்ணாடி விரிசல் விட்டது. ஒரு கொசுவின் உடம்பை முழுசாகப் பார்த்து முடிக்கவே மணிக்கணக்காகும்.

இவ்வளவு உழைத்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. காரணம் எளிது. அவர் வளர்த்தவை பெரும்பாலும் வீட்டைச் சுற்றிக் கிடைத்த சாம்பல் நிறக் கொசுக்களும் வரிக் கொசுக்களும். இன்றைய பெயரில் க்யூலெக்ஸ், ஏடிஸ். மனித மலேரியா அவற்றுக்குள் வளரவே வளராது.

கொசு இனங்களைப் பிரித்துச் சொல்லும் நூல் எதுவும் அவர் கையில் இல்லை. அவர் பூச்சியியல் படித்தவரும் இல்லை. நிறத்தையும் சிறகையும் பார்த்து அவரே பெயர் வைத்துக்கொண்டார். இனம் காணத் தெரியாததன் விலை, இரண்டு வருடங்களுக்கு மேல்.

இடையில் காலரா தடுப்பு வேலைக்காக பெங்களூருக்கு மாற்றினார்கள். 1897-ல் ஊட்டிக்கு விடுமுறையில் வந்தவர், சீகூர் பக்கம் இறங்கி ஆராயப் போனார். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு கல்லட்டி வழியாக 36 கொண்டை ஊசி வளைவுகளில் பைக்கில் இறங்கியிருக்கிறீர்களா? அதே மலைச்சரிவுதான். கொசுவலைக்குள் படுத்தும், அங்கே அவருக்கே மலேரியா வந்தது.

1897 ஆகஸ்ட் 20

செகந்திராபாத் திரும்பிய பிறகு, ஆகஸ்ட் மாதம் அவருடைய உதவியாளர் ஒருவர் ஒரு பாட்டிலில் கொசுப்புழுக்களைக் கொண்டுவந்தார். அவற்றிலிருந்து வெளிவந்த கொசுக்கள் வேறு மாதிரி இருந்தன. பழுப்பு நிறம். சிறகில் புள்ளிகள். சுவரில் உட்காரும்போது வாலைத் தூக்கிக்கொண்டு நின்றன. ராஸ் இவற்றைப் புள்ளிச் சிறகுக் கொசு என்று குறித்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 16 அன்று அவை ஹுசைன் கானைக் கடித்தன. நாளாக ஆகக் கொசுக்கள் ஒவ்வொன்றாகச் செத்தன, சில அறுக்கப்பட்டன. 20-ம் தேதி மிச்சமிருந்த சிலவற்றில் ஒன்றை அறுத்தார். வயிற்றுச் சுவரில் வட்டமான சில செல்கள். அவற்றுக்குள் கறுப்புத் துகள்கள். மலேரியா ஒட்டுண்ணிக்குள் இருக்கும் அதே கறுப்புத் துகள்கள்!

மறுநாள் இன்னொரு கொசுவை அறுத்தார். அதே செல்கள், ஆனால் முந்தைய நாளை விடப் பெரிதாக. இதுதான் முக்கியம். வளர்கிறது என்றால் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். ஒட்டுண்ணி கொசுவின் உடம்பில் குடியிருக்கிறது.

அந்த வருட டிசம்பரில், இரண்டே இரண்டு கொசுக்களை ஆதாரமாக வைத்து அவர் எழுதிய கட்டுரை பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. ஆகஸ்ட் 20-ஐ உலகக் கொசு நாள் என்று இன்றும் கடைப்பிடிக்கிறார்கள். அந்தக் கொசு அனாபிலிஸ் ஸ்டீஃபன்சியாக இருந்திருக்கலாம் என்பது பலரின் கணிப்பு. சென்னையில் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிகளிலும் கிணறுகளிலும் வளர்ந்து நகர மலேரியாவைப் பரப்பும் அதே இனம்தான். 2012-ல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் தென்பட்டதிலிருந்து, அங்கேயும் நகரங்களுக்குத் தலைவலியாகியிருக்கிறது.

குருவிகள் சொன்ன மீதிக் கதை

வெற்றி கிடைத்த கையோடு ராஜபுதனத்தில் உள்ள கேர்வாராவுக்கு டிரான்ஸ்ஃபர். அங்கே மலேரியா நோயாளிகளே குறைவு. மேன்சன் லண்டனில் பேசிய பிறகு, 1898 பிப்ரவரியில் கல்கத்தாவில் ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்தது. அங்கேயும் ஒரு தடை. பிளேக் தடுப்பூசி பற்றிய பயத்தால், விரலில் ஊசி குத்த விடவே மக்கள் மறுத்தார்கள்.

அதனால் பறவை மலேரியாவுக்கு மாறினார். குருவிகளும் வானம்பாடிகளும் கூண்டுக்கு வந்தன. முகமது பக்ஸ் என்ற உதவியாளர் கொசுப்புழுக்களைத் தேடிப் பிடித்தார், வளர்த்தார், ராத்திரியில் பறவைக் கூண்டுகளைக் கொசுவலைக்குள் வைத்தார். 1898 ஜூலையில் ஒட்டுண்ணி போய்ச் சேரும் இடம் தெரிந்தது: கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பி. அப்புறம் எல்லாம் விளங்கிவிட்டது. தண்ணீரைக் குடிப்பதால் நோய் வரவில்லை, கொசு கடிப்பதால்தான் வருகிறது. நோயுள்ள குருவியைக் கடித்த கொசு, நோயில்லாத குருவிகளைக் கடித்தது. அவற்றுக்கும் மலேரியா வந்தது.

இங்கே சாம்பல் நிறக் க்யூலெக்ஸ் கொசுதான் சரியான கொசு. மனித மலேரியாவுக்குப் பயன்படாத அதே கொசு, பறவை மலேரியாவைச் சுமக்கிறது. எந்த ஒட்டுண்ணிக்கு எந்தக் கொசு என்ற பொருத்தம்தான் எல்லாம் என்பது இப்போது தெளிவானது.

நோபலும் சண்டையும்

அதே 1898-ல் இத்தாலியின் ஜொவானி கிராஸியும் அவருடைய சகாக்களும் மனித மலேரியா அனாபிலிஸ் கொசுவில் முழுதாக வளர்வதை நிரூபித்தார்கள். கிராஸி விலங்கியலாளர். கொசுவின் சரியான பெயரைச் சொல்ல அவருக்குத் தெரிந்திருந்தது. ராஸிடம் புள்ளிச் சிறகு என்ற அடையாளம் இருந்தது, அறிவியல் பெயர் இல்லை. யார் முதலில் என்று இருவருக்கும் கடும் சண்டை. 1902-ல் நோபல் ராஸுக்கு மட்டும் போனது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் பிரிட்டிஷ்காரர் அவர்தான். சண்டை ஓயவில்லை. பின்னாளில் தன் குரு மேன்சன் மீதே அவதூறு வழக்குப் போடும் அளவுக்குப் போனார் ராஸ்.

முகமது பக்ஸ், ஹுசைன் கான் போன்றவர்களுக்குப் பரிசு ஏதும் இல்லை. ராஸின் எழுத்துகளில் பெயர் நின்றது, அவ்வளவே. பாட்டிலைக் கொண்டுவந்த செகந்திராபாத் உதவியாளரின் பெயர் அந்த அளவுக்குக்கூடப் பேசப்படவில்லை.

1899-ல் இந்தியாவை விட்டுப் போன ராஸ், லிவர்பூலில் பேராசிரியரானார். இளமையில் ஆசைப்பட்ட கணிதம் கடைசியில் கைகொடுத்தது. ஓர் ஊரில் மலேரியாவை ஒழிக்க எல்லாக் கொசுவையும் கொல்ல வேண்டியதில்லை, எண்ணிக்கையை ஒரு வரம்புக்குக் கீழே கொண்டுவந்தால் நோய் தானாகவே தேய்ந்துவிடும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். கோவிட் காலத்தில் ஒருவரிடமிருந்து எத்தனை பேருக்குத் தொற்றும் என்று தினமும் செய்தியில் பார்த்தீர்களே, அந்தக் கணக்கின் வேர்களில் இதுவும் ஒன்று. 1932 செப்டம்பர் 16 அன்று லண்டனில் இறந்தார்.

அந்தமானுக்கு விடை கிடைத்தது

ராஸ் கவனிக்காமல் விட்ட தீவுக்கு 1910-களில் இன்னொரு டாக்டர் வந்தார்: ரிக்கார்ட் கிறிஸ்டோபர்ஸ். அந்தமான் மலேரியா பற்றிய அவருடைய அறிக்கை 1912-ல் வெளியானது. காய்ச்சல் தீவு முழுக்கப் பரவியிருக்கவில்லை, உப்புச் சதுப்பை ஒட்டிய இடங்களில்தான் குவிந்திருந்தது. காரணம், கடல்நீர் கலந்த தேக்கத்தில் வளரும் ஒரே ஓர் அனாபிலிஸ் இனம். பழைய கெட்ட காற்று நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதா? சதுப்புக்கும் காய்ச்சலுக்கும் தொடர்பு உண்மைதான். ஆனால் நடுவில் இருந்தது விஷ ஆவி அல்ல, ஒரு கொசு.

அந்தக் கொசுவை அவர் லட்லோவி என்று குறித்தார். பின்னாளில் அது வேறு இனம் என்று தெரிந்து, சுண்டைகஸ் என்று பெயர் மாறியது. இன்றைக்கு சுண்டைகஸ் என்பதே ஒன்றுபோல் தோன்றும் பல இனங்களின் கூட்டம் என்று டிஎன்ஏ சொல்கிறது. இனம் காணும் வேலை ஒருநாளும் முடிவதில்லை, பாருங்கள்.

2004 சுனாமியில் தெற்கு அந்தமானில் நிலம் தாழ்ந்து, சிப்பிகாட் போன்ற இடங்களில் வயல்களுக்குள் கடல்நீர் புகுந்து தேங்கியது. சுண்டைகஸ் வளர அதைவிடத் தோதான இடம் இல்லை. புதுச்சேரியில் உள்ள கொசு ஆராய்ச்சி மையத்தினர் அங்கே போய் ஆராய்ந்து, மலேரியா ஆபத்து பற்றி 2005-லேயே எச்சரித்தார்கள். எந்தக் கொசு எந்தத் தண்ணீரில் வளரும் என்று முன்பே தெரிந்திருந்ததால்தான் அது சாத்தியமானது.

நிக்கோபாரின் நன்கவுரி தீவுகளில் இன்னொரு விசித்திரம். யானைக்கால் நோயை நம் ஊரில் பரப்பும் கொசு ராத்திரியில் கடிக்கும். அங்கே பரப்புவது பகலில் கடிக்கும் ஒரு காட்டுக் கொசு. ராத்திரி கொசுவலை கட்டினால் போதும் என்று நினைப்பவருக்கு அங்கே பாதுகாப்பு இல்லை.

உங்கள் போன் கேமரா என்ன செய்யும்?

ராஸிடம் இல்லாத ஒன்று உங்கள் பாக்கெட்டில் இருக்கிறது. கொசுவை இனம் காண உதவும் போட்டோ எடுக்க இவற்றைக் கவனியுங்கள்:

• முதல் படம் பக்கவாட்டில். உட்காரும் கோணம் தெரிய வேண்டும். தலையும் உடம்பும் ஒரே கோடாகச் சாய்ந்து நின்றால் பெரும்பாலும் அனாபிலிஸ். கூன் போட்டு, உடம்பு சுவருக்கு இணையாக இருந்தால் க்யூலெக்ஸ் அல்லது ஏடிஸ்.

• அடுத்தது மேலிருந்து, சிறகு தெரியும்படி. கறுப்பு வெள்ளைத் திட்டுகள் இருக்கின்றனவா?

• தலையை நெருக்கமாக. பெண் அனாபிலிஸுக்கு உறிஞ்சுகுழாயின் இருபுறமும் அதே நீளத்தில் இரண்டு உணர்நீட்சிகள் இருக்கும். மூன்று குச்சிகள் போலத் தெரியும். உணர்கொம்பு இறகு போல அடர்ந்திருந்தால் அது ஆண், கடிக்காது.

• தேங்கிய தண்ணீரில் புழு தெரிந்தால் அதையும் எடுங்கள். நீர்ப்பரப்புக்கு இணையாகப் படுத்திருந்தால் அனாபிலிஸ். தலைகீழாகத் தொங்கினால் மற்றவை.

ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களில் இடம், தேதியுடன் பதிவேற்றினால் ஆராய்ச்சியாளர்களுக்கும் பயன்படும். ஆனால் போட்டோவை மட்டும் வைத்து சுண்டைகஸ்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. கடைசித் தீர்ப்பு மைக்ராஸ்கோப்புக்கும் டிஎன்ஏவுக்கும் உரியது.

முழுக்கை சட்டையும் கொசு விரட்டியும் மறக்க வேண்டாம். பழங்குடி காப்புப் பகுதிகளுக்குள் நுழைவது சட்டப்படி குற்றம், படத்துக்காகவும் கூடாது. ஊர் திரும்பிய சில வாரங்களில் குளிர்காய்ச்சல் வந்தால், அந்தமான் போய் வந்ததை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

இப்போது மறுபடியும் அந்த வராண்டா சுவரைப் பாருங்கள். கொசு இன்னும் அங்கேயே வாலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. முதலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அடிக்கலாம்.